அம்மா பெயரில் நடக்கலாமா?

பத்து நாளாக எங்கள் பக்கத்து டீக்கடையிலும், வலை பிரித்துக் காயப்போடுகிற இடத்திலும் ஒரே பேச்சு. பக்கத்துக் குப்பத்துப் பையன் ஒருவன் தன் அம்மாவின் முதல் வருஷத் திதியை ஒட்டி, பழவேற்காட்டிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரை நடக்கப் போகிறானாம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஊரில் எல்லோரிடமும் பணம் கேட்கப் போகிறானாம். ஏறக்குறைய 65 கிலோமீட்டர், இரண்டு நாள் நடை. சேர்கிற பணம், நம் பக்கத்திலிருந்து இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்களின் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும்.

"நடக்கட்டும், யார் வேண்டாம்னது? அம்மா செத்ததைக் காட்டி வசூல் எதுக்கு?" என்பது ஒரு கட்சி. "பையன் நல்லதுக்குத்தானே செய்யறான்" என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியில் ஆள் குறைவு.

அவன் என்னிடமும் வந்தான். 26 வயது. காட்டுப்பள்ளிப் பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை. "பெரிப்பா, நீங்க கவர்மெண்ட்ல கணக்கு பாத்தவங்க. ரசீது, நோட்டு எல்லாம் எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுங்க" என்றான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. "எதுக்குப்பா இந்த வேலை? திதி குடு, நாலு பேருக்குச் சோறு போடு, போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. "சரிங்க பெரிப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அவனிடம் நேரில் சொல்லிவிட்டேன். டீக்கடையில் வாதாட எனக்குத் தொண்டை போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடக்கிற விஷயம். நடப்பது நமக்கு என்ன புதிதா? ஆகஸ்ட் கடைசி வந்தால் சென்னைக் கடற்கரைக் குப்பங்களிலிருந்து காவி கட்டிக்கொண்டு, சின்னத் தேர் ஒன்றை இழுத்துக்கொண்டு, வேளாங்கண்ணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி தூக்கி நடக்கிறவர்கள் எத்தனை பேர்! காலில் கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தி, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மேலே நடப்பார்கள். அவர்களை யாரும் கேலி செய்வதில்லை. வழியில் மோர் கொடுக்கிறோம், பந்தல் போடுகிறோம். ஏனென்றால் அது நேர்த்திக்கடன். வேண்டிக்கொண்டான், கிடைத்தது, நடக்கிறான். கணக்கு நேராகிவிடுகிறது.

இந்தப் பையன் வேண்டிக்கொண்டது கிடைக்கவில்லை. அம்மா போய்விட்டாள். அப்படியும் நடக்கிறேன் என்கிறான். நமக்கு இடிப்பது அங்கேதான். பலன் இல்லாத நேர்த்திக்கடன் நமக்குப் பழக்கமில்லை.

அடுத்தது பணம் கேட்கிற விஷயம். அதுவும் புதிதில்லை என்பேன். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பஞ்சாயத்து போடுகிறது, கொடுக்கிறோம். படகு உடைந்தவனுக்கு, வலை போனவனுக்கு ஊர் சேர்ந்து கொடுத்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏரியிலே பாடு முறை வைத்து, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று விட்டுக்கொடுத்துப் பிழைத்த ஊர் இது. கல்யாணத்தில் மொய் எழுதுகிறோம். மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் வரிசையாக இருக்கும். இவன் கேட்கிற பணமும் ஒரு மொய்தான். திருப்பிச் செய்யப்போவது அவன் வீட்டு விசேஷத்தில் இல்லை, எவர் வீட்டு நோயிலோ. அவ்வளவுதான் வித்தியாசம்.

நடந்து பணம் சேர்ப்பதில் உலகத்துக்கே வழிகாட்டி என்று டெர்ரி ஃபாக்ஸைச் சொல்வார்கள். கனடாக்காரர். புற்றுநோயால் 1977-ல் வலது காலை எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி, செயற்கைக் காலோடு அந்த நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே ஓட ஆரம்பித்தார். தினம் ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1-ஆம் தேதி நோய் நுரையீரலில் பரவி, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் ஜூனில், 23 வயது முடிவதற்குள் போய்விட்டார். நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் என்பதுதான் அவர் கேட்டது. தன்னைக் காட்டி எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். அவர் பெயரில் இன்றும் பல நாடுகளில் ஓடுகிறார்கள். சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் ஓடியிருக்கிறார்கள். அங்கே சேர்ந்த பணம் போனது அடையாறு மருத்துவமனைக்குத்தான். ஆக, நம் பையன் நடக்கப் போகிற பாதையின் கடைசிக் கொஞ்ச தூரம் ஏற்கெனவே தடம் விழுந்த பாதை.

இன்னொன்று நமக்கு இன்னும் நெருக்கம். இலங்கையில் சண்டை முடிந்து இரண்டு வருஷம். 2011 ஜூலையில் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்று இரண்டு பேர், ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தார்கள். 27 நாள், சுமார் 670 கிலோமீட்டர். வழி நெடுக ஊர் ஊராக மக்கள் சேர்ந்து நடந்தார்கள். எதற்கு? யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை கட்ட. கட்டியும் விட்டார்கள். 2016-ல் அதே தூரத்தைத் திருப்பி, பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தார்கள். இந்த முறை காலிக்குப் பக்கத்தில் கராப்பிட்டிய மருத்துவமனைக்காக. முப்பது வருஷம் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட நாட்டில், தெற்கத்திக்காரன் வடக்கத்திக்காரனின் கட்டிக்குக் காசு கொடுத்தான், பிறகு இவன் அவனுக்குக் கொடுத்தான். நம் ஊரில் இரண்டு குப்பம் பேசிக்கொள்ளாமல் இருப்பதெல்லாம் எந்த மூலைக்கு!

அடையாறு மருத்துவமனையே எப்படி வந்தது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. பல வருஷம் கழித்து, வயதான காலத்தில், இந்திய மாதர் சங்கத்தின் மூலம் பொதுமக்களிடம் நிதி கேட்டுக் கேட்டு, 1952-ல் நேருவை அழைத்து அடிக்கல் நாட்டி, 1954 ஜூன் 18-ஆம் தேதி 12 படுக்கையோடு திறந்தார். சட்டமன்றத்தில் உட்கார்ந்த அம்மையார் அவர். அவர் கைநீட்டிக் கேட்கக் கூச்சப்பட்டிருந்தால், நம் பக்கத்துச் சனங்கள் இன்றைக்கு எங்கே போயிருப்பார்கள்?

இங்கே ஒரு சின்ன விஷயம். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். வெளியூர் போனால் கடையில் வாங்கி வருகிற நினைவுப் பொருளை 'சுவெனீர்' என்கிறோமே, அது பிரெஞ்சில் நினைவு, நினைத்துப் பார்ப்பது என்று பொருள்படும் சொல். அரசாங்கம் கொடுக்கிற மானியத்துக்குப் பிரெஞ்சில் 'சுப்வான்சியோன்'. இரண்டுக்கும் லத்தீனில் வேர் ஒன்றே, உதவிக்கு வருவது என்று அர்த்தம் என்று எங்கள் முசே சொல்லியிருக்கிறார். அப்போது பரீட்சைக்காக எழுதிக்கொண்டேன். அறுபது வருஷம் கழித்துத்தான் உறைக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை காசநோய்த் தடுப்புக்காக வில்லைகள் விற்கக் கொடுப்பார்கள். நாங்கள் 'தேம்பர்' என்போம். ஆளுக்கு ஒரு தாள். தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி விற்போம். பத்து வயதில் எனக்குத் துளியும் வெட்கமில்லை. காசு வாங்கினால் பதிலுக்குக் கையில் ஒரு சின்னக் காகிதம் கொடுக்கிறோம் அல்லவா? அந்தக் காகிதம் இருந்ததால் அது பிச்சையாகத் தெரியவில்லை. வெட்கம் பிறகுதான் வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாண்டிச்சேரி மேரியில் பியூன். 1964-ல் போய்விட்டார். அம்மாவுக்குப் பிறந்த வீடு இங்கே, பழவேற்காட்டுக் குப்பம். என்னை அத்தை வீட்டில் படிக்க விட்டுவிட்டு, அம்மா இங்கே வந்து மீன் கூடை தூக்கினாள். அப்போது பாலம் கிடையாது. தோணியில் இந்தப் பக்கம் வந்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருப்பாலைவனம் வரைக்கும், சில நாள் அதற்கு மேலும், நடந்து விற்றுவிட்டு வருவாள். போக ஏழெட்டு கிலோமீட்டர், வர அவ்வளவு. பஸ் இருந்தாலும் மீன் கூடைக்காரியை ஏற்ற மாட்டார்கள். நாற்றம் என்பார்கள். நான் விடுமுறைக்கு வந்தால் அம்மாவோடு கடைத்தெருவில் நடக்க மாட்டேன். பத்தடி பின்னால் வருவேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கூடைக் காசில்தான் நான் படித்தேன். பிறகு எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதித் தேறி, டைப்ரைட்டிங் லோயர் முடித்து, 1973-ல் அரசு உத்தியோகத்தில் சேர்ந்தேன். இளநிலை உதவியாளர். வீட்டில் ஃபேன் வந்தது. அம்மா கூடையை இறக்கி வைத்தாள். ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கத்தை விடவில்லை.

1983 கடைசியில் கன்னத்துக்குள் புண். ஆறவில்லை. நாட்டு மருந்து, ஆயின்ட்மெண்ட் என்று நாலு மாதம் ஓட்டினேன். அடையாறுக்குக் கூட்டிப் போனபோது நேரம் கடந்துவிட்டது. அங்கே போகவர, தங்க, சாப்பிட, எல்லாவற்றுக்கும் பி.எஃப். லோன் போட்டேன். அது தீர்ந்த சமயத்தில் ஒரு நாள் சாயங்காலம், அம்மாவோடு கூடை தூக்கிய பெண்கள் ஆறேழு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கூட்டமாக வாசலில் நின்றார்கள். உள்ளே வரவில்லை. ஒருத்தி முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தாள். எல்லாம் ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டு, சில்லறை. 340 ரூபாய். மீன் வாசனை அடித்தது.

நான் வாங்கவில்லை. "நான் கவர்மெண்ட் உத்தியோகத்தில் இருக்கிறேன். எங்க அம்மாவுக்கு வசூல் பண்ணிப் பார்க்கிற நிலைமை இன்னும் வரலே" என்று சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொண்டு வந்ததைத் திரும்ப முடிந்துகொண்டு போனார்கள்.

அம்மா உள்ளே கட்டிலில் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அப்போது அவளுக்குப் பேச்சு சரியாக வராது. சோறு ஊட்டப் போனபோது மெதுவாகச் சொன்னாள்: "வாங்கியிருக்கலாம்டா. அவங்க என்னைப் பாக்க வந்தாங்க."

அவர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. அம்மா 1984 வைகாசியில் போனாள். சாவுக்கு வந்தார்கள். அது வேறு.

அந்தப் பையன் நோட்டுப் போடச் சொல்லிக் கேட்டபோது நான் என்ன சொல்லி அனுப்பினேனோ, அது 1984-ல் நான் சொன்னதேதான். வார்த்தைதான் வேறு. கேட்பதும் கேவலம், வாங்குவதும் கேவலம் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருக்கிறது. அதை மானம் என்று நாற்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற பெண்களுக்கும் மானம் இருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தப் பையனுடைய அம்மாவும் மீன் விற்றவள்தான். பஞ்சாயத்தில் ஒருவர் கேட்டாராம், "65 கிலோமீட்டர் நடக்கறது பெரிய சாதனையா? உங்க அம்மா நாலு நாள் நடந்தா அவ்வளவு வரும், அதுவும் தலையில கூடையோட. அவளுக்கு எவன் கிலோமீட்டருக்குக் காசு குடுத்தான்?" நல்ல கேள்வி. எனக்கும் 'சவால் நடை', 'சாலஞ்ச்' என்கிற வார்த்தைகள் பிடிப்பதில்லை. பிழைப்புக்காக தினம் கஷ்டப்படுகிறவர்களுக்கு நடுவில், கஷ்டத்தை விலைக்கு வாங்கி வந்து காட்டுகிற மாதிரி இருக்கிறது. நம் ஊரில் விடியற்காலை முகத்துவாரம் தாண்டி அலையில் படகை ஏற்றுகிறவனுக்கு யார் பந்தயம் கட்டுகிறார்கள்?

ஆனால் அந்தக் கேள்விக்குப் பையன் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "அதனாலதாங்க நடக்கறேன். எங்கம்மா நடந்த ரோடு அது. திருப்பாலைவனம் வரைக்கும் அவ ரோடு. அதுக்கப்புறம் நான் புதுசாப் போறேன்" என்றானாம். காசு கொடுக்கிறவர்கள் அவன் கால் வலிக்கு விலை கொடுப்பதாக நான் நினைக்கவில்லை. அவன் வந்து கேட்டான், அதனால் கொடுக்கிறார்கள். சும்மா வந்து கேட்டால் அவனுக்கும் வாய் வராது, நமக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. நடை என்று ஒன்று நடுவில் இருந்தால் இரண்டு பேருக்கும் வசதி. எங்கள் பள்ளிக்கூடத்துத் தேம்பர் மாதிரி.

பணம் எதற்குப் போகும் என்று நானும் அவனைக் குடைந்து கேட்டேன். வைத்தியச் செலவு என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, பெருமளவுக்கு அது தாங்கும். தாங்காதது வேறு. கரண்ட் வைப்பது என்று நம் பக்கத்தில் சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள், சாதாரணமாக ஐந்து வாரம் போல நடக்கும். உள்ளே இருப்பது என்னவோ சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்துக்குத் தினமும் பழவேற்காட்டிலிருந்து அடையாறு போய் வர உடம்பு கேட்காது. அங்கேயே எங்காவது தங்க வேண்டும். கூட ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் கடலுக்குப் போகாமல், மார்க்கெட்டுக்குப் போகாமல் ஐந்து வாரம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தியது பயத்தால் என்று ஊர் சொல்லும். பல சமயம் அது பஸ் காசு.

கிலோமீட்டருக்கு 1 ரூபாய் என்றால் ஒரு வீட்டுக்கு 65 ரூபாய். 200 தலைக்கட்டு கொடுத்தால் 13,000 ரூபாய். பெரிய பணம் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் கூட இருப்பவருடைய ஐந்து வாரச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். சுனாமிக்குப் பிறகு நம் ஊருக்கு லாரி லாரியாக வந்து இறங்கியதே, அதில் எத்தனை பழைய துணி சாலையோரம் மக்கிப் போயிற்று! கேட்காமல் வந்தது அது. இது நாமே கேட்டு, நாமே கொடுத்து, நமக்கே ஆவது.

எனக்குக் கவலைகளும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். மீஞ்சூர் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள். நடக்கிறவனுக்கு அந்தச் சாலையில் ஓரமே கிடையாது. அவனே அந்த யார்டில் வேலை செய்கிறவன், தெரியாமலில்லை. இருந்தாலும் இருட்டில் நடக்கக் கூடாது, தனியாக நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முதல் நாள் மீஞ்சூரில் முடித்துக்கொண்டு, மறுநாள் விடிந்த பிறகு கிளம்பினால் போதும். இரண்டு நாள் மூன்று நாளானால் யாரும் காசைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

பெரிய கவலை கணக்கு. இங்கிலாந்தில் 2020 கொரோனா சமயத்தில் டாம் மூர் என்ற பழைய ராணுவ அதிகாரி, 99 வயது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுத் தோட்டத்தில் 25 மீட்டர் தூரத்தை 100 தடவை நடந்தார். மருத்துவ ஊழியர்களுக்காக ஆயிரம் பவுண்டு சேர்க்க நினைத்தார். சேர்ந்தது 3 கோடி பவுண்டுக்கு மேல். அந்தப் பணம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. ஆனால் பிறகு அவர் பெயரில் குடும்பத்தார் தனியாக ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். அதில் மகளும் மருமகனும் சொந்த ஆதாயம் அடைந்தார்கள் என்று அந்த நாட்டு அறக்கட்டளை ஆணையம் 2024-ல் அறிக்கை கொடுத்தது. கிழவர் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2021-ல், காலமாகிவிட்டார். பார்க்காமல் போனது நல்லது. பெற்றவர் பெயரில் வாங்குகிற ஒவ்வொரு ரூபாயும் பெற்றவர் தலையில் எழுதப்படுகிறது. அம்மா பெயர் கெடாமல் இருக்க வேண்டுமானால் ரசீது வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், கோயில் வாசலில் வைத்துக் கணக்கு வாசிக்க வேண்டும். வாசிக்கிற நாளையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இதில் மட்டும் என்னிடம் யாரும் சலுகை எதிர்பார்க்க வேண்டாம். 35 வருஷம் அந்த வேலைதான் செய்தேன்.

பேனர் விஷயத்திலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அவன் படம் எதற்கு, அம்மா படம் போதும். கட்சிக்காரர்கள் கொடியசைத்துத் தொடங்கி வைக்கிறோம் என்று வருவார்கள். வரட்டும், கொடி இல்லாமல் வரட்டும்.

கடைசியாக ஒன்று. இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. அவன் அம்மாவுக்கு வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஒரு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். புருஷனிடம் சொல்லவில்லை, மகனிடம் எப்படிச் சொல்வாள்? அவள் செத்தபோதுகூட ஊரில் "வயித்து நோவு" என்றுதான் சொன்னார்கள். இந்தப் பத்து நாளில்தான் முதன்முதலாக ஆண்கள் உட்கார்ந்திருக்கிற டீக்கடையில் அந்த நோயின் பெயர் வாய்விட்டுப் பேசப்பட்டது. திட்டுவதற்காகப் பேசினாலும் பேசினார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இதற்குச் சோதனை செய்கிறார்கள், காசு இல்லை, சில நிமிஷ வேலை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகிற நோய் இது. என் வீட்டுக்காரியிடம் கேட்டேன், "உனக்குத் தெரியுமா?" என்று. "தெரியும். ஆனா யார் போறா?" என்றாள். போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள்கள் இரண்டு பேரோடு போய்விட்டு வந்தாள். அவன் இன்னும் ஓர் அடிகூட நடக்கவில்லை.

திதி மாசி மாதம் வருகிறது. அதற்கு முந்தின சனி, ஞாயிறு நடப்பதாக முடிவு. காலையில், வெளிச்சம் வந்த பிறகு, பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் கிளம்புகிறார்கள். கூட நாலு பசங்கள் சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு 75 வயது, முட்டி வலி. திருப்பாலைவனம் வரை நானும் நடக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். பாதி தூரம் நடங்கள், பாதி தூரம் ஆட்டோவில் போங்கள் என்றார். பார்க்கலாம்.

பொன்னேரியில் நூறு தாள் கொண்ட ரசீதுப் புத்தகம் இரண்டு வாங்கி, ஒவ்வொரு தாளிலும் வரிசை எண் போட்டு வைத்திருக்கிறேன். முதல் ரசீதை நானே கிழித்துக்கொண்டேன். 340 ரூபாய். கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதவில்லை. 'கூடைக்காரப் பெண்கள்' என்று எழுதினேன். பையன் புரியாமல் பார்த்தான். கையெழுத்துப் போடு, பிறகு சொல்கிறேன் என்றேன்.

பணம் கொடுக்க விரும்புகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என் வீட்டுத் திண்ணைக்கு வரலாம். ரசீது வாங்காமல் போக வேண்டாம்.